நகக்குறி

வண்ணார்பேட்டை பைபாஸில் இரண்டு ஷோரூம்,
நடுவில் ஒரு பரோட்டாக் கடை.
முதல் ஷோரூமில் ஏசி அதிகம்.
ஜெரால்டு என்கிற பையன் கதவைத் திறந்துவிட்டு
"தொட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்றான்.

தொட்டேன்.
பிசைந்து வைத்த மாவு மாதிரி அமுங்கியது டேஷ்போர்டு.
அவன் அந்தப் பக்கம் திரும்பியபோது
நகத்தை வைத்து அழுத்தினேன்.
பிறை ஒன்று விழுந்தது.
மெதுவாக மேலே எழும்பி மூடிக்கொண்டது,
முழுதாக அல்ல.

சீட்டு வெள்ளை.
"தோல் இல்ல அண்ணாச்சி, தோல் மாதிரி.
எந்த மாட்டுக்கும் சம்பந்தம் கிடையாது."
நான் யோசித்தது மாட்டை இல்லை.
நான் டாக்ஸி ஓட்டுகிறவன்.
சீசனில் குற்றாலத்திலிருந்து ஏறுகிறவர்கள்
தலையில் எண்ணெயும் இடுப்பில் ஈரத்துண்டுமாக
பாதி அருவியைக் கூடவே கொண்டுவந்து உட்காருவார்கள்.
அல்வாப் பொட்டலம் நெய் விடும்.
காரையார் ஏற்றத்தில் எந்தப் பிள்ளையாவது வாந்தி எடுக்கும்.
வள்ளியூர்க் கல்யாணத்துச் சந்தனம்
ஹெட்ரெஸ்டில் ஒரு வாரம் இருக்கும்.
இந்த வெள்ளை
அத்தனையையும் எழுதி வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது ஷோரூமில் எல்லாம் கறுப்பு.
கெட்டி பிளாஸ்டிக்.
விரல் கணுவால் தட்டினால் காலி டப்பா பதில் சொல்கிறது.
கதவில் முழங்கை படும் இடத்தில் மட்டும்
நாலு விரல் அகலத்துக்கு மெத்தை வைத்திருக்கிறார்கள்,
மற்றதெல்லாம் பள்ளிக்கூட டிபன்பாக்ஸ்.
விலை ஒன்றரை லட்சம் குறைவு.

ஆவுடைச்செல்வி இரண்டு இடத்திலும் எதையும் தொடவில்லை.
பர்ஸை மடியில் வைத்தபடி ஏறினாள், இறங்கினாள்.
"உள்ள நிக்க வண்டி எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.
வெயில்ல நின்னதைக் காட்டுங்க" என்றாள்.

காட்டினார்கள். மணி ஒன்று, சித்திரை மாதம்.
மெத்தென்ற வண்டி பசை வாசம் விட்டது, கண் எரிந்தது.
கெட்டி வண்டிக்கு வாசம் இல்லை, சூடு மட்டும்.
சூடு நமக்குப் பழக்கம்.

முதலில் மெத்தென்றதை ஓட்டினேன்.
கொக்கிரகுளம் பாலத்தில்
ஆற்றின் சத்தம் கேட்டது என்று சொன்னால் பொய்.
கேட்டது, கதவுக்குள் எங்கேயோ ஒரு கிளிப்,
டிக். டிக்.
பதிமூன்று வருஷம் டீசல் ஓட்டினேனே,
அதில் எத்தனை கிளிப் ஆடியிருக்கும்.
எஞ்சின் அத்தனையையும் தின்று செரித்திருக்கிறது.

அதனால்தான்
பின்சீட்டில் அவள் விட்ட மூச்சும் கேட்டது.
நீளமான மூச்சு, நடுவில் ஒரு இடத்தில் உடைந்து.
கண்ணாடியில் பார்த்தேன்.
"என்ன?"
"ஒண்ணுமில்ல."
"எப்பவும் இப்படியா விடுவே?"
"பின்னால உக்காந்தா விடுவேன்.
உங்களுக்கு இப்பத்தான் கேக்குதாக்கும்."

ஜெரால்டு முன்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தான்.
"டாப் மாடல்ல சவுண்ட் இன்சுலேஷன் இன்னும் நல்லாருக்கும் அக்கா,
வெளிய உள்ளது ஒண்ணும் உள்ள வராது."
அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஜங்ஷன் பஸ்கள் வாயசைத்துப் போயின.

கெட்டி வண்டி இன்னும் மோசமாக ஆடியது.
ஆனால் எங்கே ஆடுகிறது என்று தெரிந்தது,
ஒரு திருப்புளி இருந்தால் கழற்றி இறுக்கிவிடலாம்.
மெத்தைக்குள் ஆடுவதைப் பார்க்க
யாராவது முதலில் கிழிக்க வேண்டும்.

இரண்டு பரோட்டா தின்று கணக்குப் போட்டோம்.
மாதத் தவணை, கழிவுபோக சவாரி,
பாபநாசத்தில் சார்ஜ் போட இடம் உண்டா இல்லையா.
கைகழுவப் போனவள் வரத் தாமதமானது.
சாவி மறந்ததாகச் சொல்லி
முதல் ஷோரூமுக்குள் மறுபடி போனேன்.
அந்த டேஷ்போர்டில் குனிந்தேன்.
என் பிறை பாதி மங்கியிருந்தது.
அதை ஒட்டி இன்னொன்று,
சின்னது, புதிது,
இன்னும் எழும்பத் தொடங்கவில்லை.

வெளியே வெயிலில் நின்றாள்,
பர்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.
"கறுப்பையே எடுங்க" என்றாள்.